ஒலி போனால் எந்த வேலையும் தடைபடாதாமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு லேப்டாப்பில் சத்தமே வரவில்லை, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உங்கள் நிபுணர் நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு இப்படி முடித்திருந்தார்: "ஒலி வராததால் கணினியின் முக்கிய வேலைகள் எதுவும் தடைபடப் போவதில்லை. அவசரப்படாமல் அடுத்த அப்டேட் வரும்வரை பொறுத்திருங்கள்."

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். உங்கள் இதழை என் லேப்டாப்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறது. இந்த வரியையும் அதுதான் வாசித்தது. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் வாசிக்க வைத்தேன். அதேதான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் பயன்படுத்துவது என்விடிஏ. 2006ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழிலும் பேசும். கடிதம் எழுதுவது, வங்கிக் கணக்கு பார்ப்பது, அலுவலகக் கோப்புகளைத் திறப்பது எல்லாம் எனக்கு அந்தக் குரல் வழியாகத்தான். திரையில் உள்ளதைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக மாற்றும் பிரெய்ல் டிஸ்ப்ளே எல்லோரிடமும் இருப்பதில்லை, என்னிடமும் இல்லை. ஒலி போனால் எனக்குத் திரையே போய்விட்டது என்று அர்த்தம். மேம்படுத்திய பிறகு திரை இருண்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தால், முக்கிய வேலை எதுவும் தடைபடாது, பொறுத்திருங்கள் என்று அச்சிட உங்களுக்கு மனம் வந்திருக்குமா?

எனக்கும் இது நடந்ததால்தான் எழுதுகிறேன். மேம்படுத்தல் முடிந்து லேப்டாப் மறுபடி எழுந்தது. விசிறி சுற்றுகிறது, பக்கவாட்டுத் துளையில் விரலை வைத்தால் சூடான காற்று படுகிறது. ஆகவே கணினி ஓடுகிறது. பாஸ்வேர்டை அடித்தேன். அது கட்டத்துக்குள் விழுந்ததா, வெளியில் போனதா தெரியவில்லை. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடு வரும் ஸ்க்ரீன் ரீடரான நேரேட்டர் பேசும் என்று அழுத்தினேன். அதுவும் அதே ஸ்பீக்கர் வழியாகத்தானே பேச வேண்டும்? ஒலிக் கருவி காணாமல் போனால் ஸ்பீக்கர் படத்தின்மேல் ஒரு குறி விழும், ஒலிக் கருவி எதுவும் நிறுவப்படவில்லை என்று ஒரு வரி வரும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். இரண்டும் கண்ணுக்கு. சத்தம் போய்விட்டது என்ற செய்தி, சத்தத்தை மட்டுமே நம்பி இருக்கிறவனுக்கு வந்து சேர வழியே இல்லை.

பழுது பார்க்கும் இடத்துக்குத் தங்கையோடு போனேன். அங்கிருந்தவர் லேப்டாப்பைத் திறந்து, "படம் நல்லாத்தானே வருது" என்று தங்கையிடம் சொன்னார். "சார் பாட்டு கேப்பாரா?" என்று அதையும் அவளிடமே கேட்டார். லேப்டாப் என்னுடையது, வேலை என்னுடையது, நான் அவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், இல்லையென்றால் வேறு லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் மனதிலும் உங்கள் நிபுணர் மனதிலும் இருப்பது ஒன்றுதான்: ஒலி என்பது பாட்டுக்கும் படத்துக்கும். அந்த எண்ணத்தை நீங்கள் அச்சில் போட்டு ஊர்ஜிதம் செய்திருக்கிறீர்கள்.

"பொறுத்திருங்கள்" என்ற யோசனை பார்வையுள்ளவர்களுக்கும் கெடுதல்தான். விண்டோஸ் 10லிருந்து 11க்கு மாறியவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம்தான் உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெகவரி, அதில் கோ பேக். அந்த நாட்கள் கடந்தால் பழைய பதிப்பின் கோப்புகள் தாமாக அழிந்துவிடும், திரும்பும் வழி மூடிவிடும். உங்கள் பதிலை நம்பிப் பொறுத்திருப்பவர் அந்த வழியை இழப்பார். இதை உங்கள் நிபுணர் சொல்லவே இல்லை. அடுத்த அப்டேட் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற நம்பிக்கையாவது சரியா என்றால், அப்டேட் வழியாகவே ஒலி போன வரலாறும் இருக்கிறது. 2018 அக்டோபரில் இன்டெல், ஒலிச் சில்லை இயக்கும் மென்பொருளான தன் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரின் 9.21.00.3755 பதிப்பைத் தவறுதலாக விண்டோஸ் அப்டேட்டில் விட்டுவிட்டது. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் ஒலியை நிறுத்திவிட்டது. அதற்கென்று தனியாகத் திருத்தம் விட வேண்டியிருந்தது. ஒரு கணினிப் பகுதி எழுதுகிறவருக்கு இதெல்லாம் நினைவில் இருக்க வேண்டாமா?

பெரும்பாலும் ஸ்பீக்கரில் கோளாறு இருக்காது. இயங்குதளத்துக்கும் ஒலிச் சில்லுக்கும் நடுவில் இருக்கும் டிரைவர், மேம்படுத்தலில் மாறிவிடுகிறது. இல்லாவிட்டால் ஒலி போகும் இடம் மாறி, இணைத்து வைத்திருக்கும் மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வழியாகப் போய்க்கொண்டிருக்கும். சில லேப்டாப்களில் ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் சில்லு இருப்பதால், பொதுவான டிரைவரில் ஹெட்போன் பேசும், ஸ்பீக்கர் பேசாது. அப்போது தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருக்கும் டிரைவரைத்தான் தேடிப் போட வேண்டும்.

எனக்கு வழி காட்டியவர் என்னைப்போலவே பார்வையற்ற நண்பர் ஒருவர். போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "யுஎஸ்பி ஹெட்செட் இருக்கா?" யுஎஸ்பி ஹெட்செட்டுக்குள் அதற்கென்று தனி ஒலிச் சில்லு இருக்கிறது. அதற்கான டிரைவர் இயங்குதளத்திலேயே இருக்கிறது. லேப்டாப்பின் சொந்த டிரைவர் எந்த நிலையில் கிடந்தாலும் இது பேசும். செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் காதில் "டெஸ்க்டாப்" என்றது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு எல்லாம் விசைப்பலகையிலேயே முடிந்தது. விண்டோஸ், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி, எம் அடித்தால், கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் திறக்கும். கீழ் அம்புக்குறியால் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' வரை போய் வலது அம்பு. ஒலிக் கருவியின் பெயரில் நின்று ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் மெனு வரும். பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கம் போனால், பழைய டிரைவருக்குத் திரும்ப 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். எனக்கு அது வேலை செய்யும் நிலையில் இல்லை. அதனால் அப்டேட் டிரைவரில் நுழைந்து, கணினியிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போனேன். பட்டியலில் இரண்டு பெயர்கள். சில்லு நிறுவனத்தின் பெயரில் வந்திருந்ததை விட்டுவிட்டு, வெறும் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். பேசியது. அழிக்கவும் வேண்டியிருக்கவில்லை, புதிது வாங்கவும் வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நிபுணரின் நாலு வரியில் முதல் வரி என்ன தெரியுமா? "திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள்." இரண்டாவது, "படத்தில் காட்டியபடி." இந்தப் 'படத்தில் காட்டியபடி' எனக்குப் பழைய வலி. மின்னிதழில் செய்முறைகளை நீங்கள் படமாகவே ஒட்டுகிறீர்கள். என் கணினி அந்த இடத்துக்கு வந்ததும் "கிராஃபிக்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. படத்துக்கு மாற்றாக எழுத்து வேண்டும் என்பது வலைத்தள அணுகல் விதிகளில் 1999ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே முதலாவதாக நிற்கும் விதி. இதைப்பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு நன்றி சொல்லியும் எழுதினேன். அதன் பிறகு தளத்தைப் புதுப்பித்தீர்கள். முன்பு பெயரோடு இருந்த பொத்தான்களும் இப்போது வெறும் "பட்டன், பட்டன்" என்று வாசிக்கப்படுகின்றன.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. மறுநாள், 15ஆம் தேதி, பார்வையற்றோருக்கான வெள்ளைக் கோல் நாள். உங்கள் இதழில் இரண்டுக்கும் கட்டுரை வந்தது. ஒன்றில், எல்லோரும் தயங்காமல் மேம்படுத்துங்கள் என்றீர்கள். மற்றதில், தொழில்நுட்பம் எங்கள் வாழ்வை எப்படி மாற்றியிருக்கிறது என்று நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதில் ஸ்க்ரீன் ரீடர் பற்றியும் இருந்தது. மேம்படுத்தும் முன் கையில் ஒரு யுஎஸ்பி ஹெட்செட் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு ஒரு வரி அந்த இரண்டில் எதிலும் இல்லை. எங்களைப் பற்றி எழுதுகிறீர்கள் ஐயா, எங்களுக்காக எழுதுவதில்லை. நாங்களும் சந்தா கட்டிப் படிக்கிற வாசகர்கள்தான்.

உங்கள் நிபுணர்மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. அவருடைய பகுதியில் நான் கற்றுக்கொண்டது நிறைய. அதனால்தான் இந்த வரி இவ்வளவு உறுத்துகிறது.

நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: யுஎஸ்பி ஹெட்செட், 10 நாள் அவகாசம், டிவைஸ் மேனேஜருக்குப் போகும் விசைகள். மின்னிதழில் அதைப் படமாக அல்லாமல் எழுத்தாகப் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகர் எப்போது மேம்படுத்தினார் என்று அவர் எழுதவில்லை. 10 நாள் இன்னும் முடியாமல் இருந்தால், இதழ் வரும்வரை காத்திருக்காமல் அவருக்கு நேரடியாகத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்