பேரன் சொன்ன சிங்கக் கதை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகம்தானே? பெரியம்மாவின் மகன் வருகிற கிழமை டொரன்டோ வருகிறான். அவனிடம் இந்தக் கடிதமும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் நான் கதைக்கக் கதைக்க நீ "ம்" என்கிறாய். சின்னதில் கதை சொல்லும்போதும் ம் கொட்டுவாய். அது நின்றால் பிள்ளை நித்திரை என்று விளக்கைக் குறைப்பேன். இப்போது ம் மட்டும் வருகிறது, ஆளைக் காணோம். வீடு வாங்கியதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதைக்கூட எனக்குச் சொன்னது நீ இல்லை, பெரியம்மா.

புரட்டாதியில் திரௌபதை அம்மன் கோயிலுக்கு 18 நாளும் போனேன். பாண்டவர் வனவாசம் போகிற அன்று பாண்டிருப்புத் தெருவெல்லாம் சனம். கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. போனவர்கள் திரும்பி வருவார்கள் என்றும் தெரியும். அப்படியிருந்தும் பக்கத்து வீட்டு மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவருடைய மகன் போய் எத்தனை வருஷம்! அவனுக்காக நடுத்தெருவில் நின்று அழ முடியுமா? பாண்டவருக்காக என்றால் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கடல் வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் முகாமாக இருந்தோமே, நினைவிருக்கா? 2004 மார்கழி 26 நடந்ததை ஒவ்வொரு இரவும் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதல் நாள் கூரை உயரத்தில் வந்த அலை மூன்றாம் நாள் தென்னை உயரம் ஆனது. ஒருவரும் திருத்தவில்லை. கூட்டிச் சொன்னவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களைத்தான் மாறி மாறிக் காவல் காத்தோம்.

சரி, அதை விடு. சாப்பாட்டை விடாதே.

போன ஞாயிறு வீடியோவில் பேரன் எனக்கு ஒரு கதை சொன்னான். ஒரு காட்டில் அம்மாச் சிங்கம் குகைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்குமாம். அப்பாச் சிங்கம் சோபாவில் படுக்குமாம். போர்வை காணாதாம், கால் வெளியே நீட்டிக்கொண்டு இருக்குமாம். காட்டில் ஏதடா சோபா என்று சிரித்தேன். "இருக்கு அப்பம்மா, நீலச் சோபா" என்றான். நான் ம் கொட்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

நீ இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அப்பா சவளக்கடை வயலில் வாடியிலேயே தங்கினார். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பாய். யானைக் காவல் என்பேன். ஒற்றைக் கொம்பன் வரம்பில் நிற்பதும், அப்பா யானை வெடியைக் கொளுத்தி எறிவதும், அது காதை அடித்துக்கொண்டு திரும்பிப் போவதும் ஒவ்வொரு இரவும் புதிதுபுதிதாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அந்தக் கொம்பனைக் கீறிப் பரிசுகூட வாங்கினாய்.

கொம்பனும் இல்லை, ஒன்றும் இல்லை மகன். அது நானாகக் கட்டிய கதை. ஒரு சின்னச் சண்டையில், "இது என் சீதன வீடு" என்று சொல்லிவிட்டேன். மனுசன் ஒரு சொல் சொல்லவில்லை. சறத்தையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு போனார். கூப்பிட்டிருந்தால் அன்றே வந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. உனக்கு இரவிரவாகக் கதை சொல்ல மட்டும் வந்தது. இரண்டு மாரி அப்படியே போனது. கடைசியில் கடல் வந்த அன்றுதான் வயலிலிருந்து ஓடி வந்தார், உன் பெயருக்கு முதல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. அதற்குப் பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே அவரை அனுப்பிவிட்டேன்.

இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மருமகளுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் காட்டு.

தூளைக் காற்றுப் போகாமல் மூடி வை. பார்சலில் ஒரு போர்வையும் இருக்கிறது. மருதமுனையில் நெய்தது, நல்ல நீளம். கால் மூடும்.

அம்மா