தூசி மட்டுமா இலைக்குப் பகை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையோர மரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இலைமேல் படியும் தூசியோடு நின்றுவிட்டது. தூசி ஒரு நல்ல மழைக்குப் போய்விடும். நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே மாசாகக் கலந்திருக்கும் ஓசோனும் கந்தக டை ஆக்சைடும் இலைத்துளை வழியே உள்ளே நுழைந்துவிடுகின்றனவே!

நுழைந்த ஓசோன், ஈரமான செல்சுவரில் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு முதலான தீவிர ஆக்சிஜன் வடிவங்களைக் கிளப்பிவிட்டு, செல்சவ்வை அரிக்கிறது. அதை முதலில் எதிர்கொள்வது, நாம் நெல்லிக்காயில் தேடும் அதே வைட்டமின் சி. அடுத்த வரிசையில் குளுட்டாதயோன் என்ற காவல்பொருளும் கேட்டலேஸ் போன்ற நொதிகளும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில், ஓசோன் பட்டால் எளிதில் கருகிப்போகும் ஒரு மரபுப்பிறழ்வு வகை உண்டு. 1996இல் வெளியான ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது: அதன் இலையில் வைட்டமின் சி வழக்கமான அளவில் சுமார் 30 சதவீதமே இருந்தது.

எந்த மரம் காற்று மாசைத் தாங்கும் என்று மதிப்பிடக் கட்டுரையாளர் பெரிதாக நம்பும் மாசு தாங்குதிறன் குறியீடும் (1983இல் இந்திய ஆய்வாளர்கள் வகுத்தது) வைட்டமின் சி, பச்சையம், இலைச்சாற்றின் அமில-கார நிலை, நீர்ச்சத்து ஆகிய நான்கை வைத்தே கணக்கிடப்படுகிறது. பயனுள்ள கணக்குதான். ஆனால் எண் கூடினால் மரம் சுகமாக இருக்கிறது என்று படித்துவிடக் கூடாது. மாசை எதிர்க்க மரம் செய்யும் காவல்செலவு கூடியிருக்கிறது என்பதும் அதன் பொருளாகலாம். வேருக்கும் விதைக்கும் போகவேண்டிய சத்துதான் அங்கே கரைகிறது. போதாக்குறைக்கு, வறட்சியிலும் இதே காவல்பொருள்கள் ஏறலாம். கோடையில் ஒருமுறை இலை பறித்து அளந்துவிட்டு, 'இந்த மரம் நடலாம்' என்று பட்டியல் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கட்டுரை தொடாத இடம் வயல். நகரச் சாலையில் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனைச் சிதைத்துவிடுவதால், காற்று வீசும் திசையில் ஊருக்கு வெளியேதான் அது பல நேரம் கூடுகிறது. அங்கே இலையில் ஒரு புள்ளிகூட விழாமல் மகசூல் குறையலாம். கோதுமையும் சோயாவும் இதில் நெல்லைவிட நோஞ்சான்கள். விவசாயி உரத்தை நோவார், விதையை நோவார். காற்றை யார் சந்தேகிப்பார்கள்?

நம் நாட்டின் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஓசோன். பயிருக்கு இது போதாது. பருவம் முழுக்கப் பகலில் எவ்வளவு சேர்ந்தது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படித்தான் பார்க்கிறார்கள். நம் கண்காணிப்பு நிலையங்களோ பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. வயலோரம் ஓசோன் அளக்க என்ன திட்டம் இருக்கிறது என்று வேளாண் துறையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் தங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.

– தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு), மதுரை