டபுள் கிளிக் செய்தால் நோட்பேட் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைபர் மோசடி பற்றிய உங்கள் கட்டுரையில், 'தெரியாதவர் அனுப்பும் ஃபைலைத் திறக்காதீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். தாராவியில் தோல் பை வியாபாரம் செய்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆர்டர் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரியாதவர்கள்தான். வாட்ஸ்அப்பில் வருவதைத் திறந்து பார்க்காமல் கடை நடக்காது.

90 அடி ரோடு, சயான் பக்கம் கடைகளுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். கடைக்காரரை மாற்றுவதைவிட விண்டோஸை மாற்றுவது சுலபம் என்பது என் கட்சி.

ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), விபிஎஸ் என்று பெயர் முடியும் ஃபைல்கள் 'ஸ்கிரிப்ட்', அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளைகள். அவற்றை டபுள் கிளிக் செய்தால், விண்டோஸ் அவற்றைத் திறந்து காட்டாது, ஓட்டிவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதை விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்ற புரோகிராம் அப்படியே செய்யும். போதாக்குறைக்கு, பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். 'பில்.பிடிஎஃப்.ஜேஎஸ்' என்பது திரையில் வெறும் 'பில்.பிடிஎஃப்' ஆகத் தெரியும். 2000 மே மாதம் உலகையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படித்தான் வந்தது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்தது, உண்மையில் விபிஎஸ். இத்தனைக்கும், பின்னால் வந்த பவர்ஷெல் என்ற இன்னொரு வகை ஸ்கிரிப்டை டபுள் கிளிக் செய்தால் ஓடாமல் நோட்பேடில் திறக்கும்படி மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. பழையதற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகையோ!

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய், மேலே உள்ள கட்டத்தில் புள்ளி வைத்து ஜேஎஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, நோட்பேடைத் தேர்ந்தெடுத்தால் போதும். அது ஃபைலை எழுத்தாகக் காட்டுமே தவிர, ஓட்டாது. இதேபோல ஓடக்கூடிய விபிஎஸ், ஜேஎஸ்இ, விபிஇ, டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ எல்லாவற்றுக்கும் இதேதான். ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் வழக்கம்போல வேலை செய்யும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடுவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சமீபத்தில், நான் இப்படி மாற்றி வைத்திருந்த ஒரு கடையில் கணக்கு எழுதும் பெண் போன் செய்தார். "அண்ணே, ஜிஎஸ்டி நோட்டீஸ்னு ஜிப் வந்துச்சு. திறந்தா நோட்பேட்ல என்னென்னமோ எழுத்தா கொட்டுது." போய்ப் பார்த்தேன். ஜிப்புக்குள்ளே ஒரு ஜேஎஸ் ஃபைல். டெலீட் செய்யச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் செய்ததில் தவறே இல்லை, நோட்டீஸ் என்றால் யாரும் திறக்கத்தான் செய்வார்கள்.

முழு புரோகிராமாகவே வரும் இஎக்ஸ்இ ஃபைல்களை இது தடுக்காது, அதற்கு ஆன்டிவைரஸ் வேண்டும். ஆனால் லேமிங்டன் ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பவர்கள், விண்டோஸ் ஏற்றும்போதே இதையும் மாற்றிக் கொடுக்கலாம். ஃபைல் பெயரின் வாலையும் தெரியும்படி வைத்துவிடலாம். வாங்குகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை எழுதும்போது இதைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர்,
தாராவி, மும்பை