பழைய நாணயங்கள் சேர்க்கிற எங்கட சங்கம், திருகோணமலை: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் கமிட்டி ஆக்களுக்கும் அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். விதிப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 2 கிழமைக்கு முன்னம் அறிக்கை உங்கட கையில கிடைச்சிருக்க வேணும், இந்தமுறை 5 நாளுக்கு முன்னம்தான் குரூப்பில போடுறன், மன்னிச்சுக் கொள்ளுங்கோ. சும்மா இருந்து பிந்தேல்ல, ஏன் பிந்தினது எண்டு கீழ வாசிக்க விளங்கும்.

முதல்ல வழமையான விசயங்களைச் சொல்லி முடிக்கிறன். 12 கூட்டம் நடக்க வேண்டியது, 9 நடந்தது. கொழும்பு கோட்டையில இருக்கிற மத்திய வங்கி மியூசியத்துக்கு 11 பேர் போய் வந்தம். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஒரு கண்காட்சி வச்சம், நல்ல சனம். மூத்த அங்கத்தவர் ஒராள் ஆவணி மாசம் தவறிட்டார், அவருக்கு அஞ்சலி செலுத்தினம், அவரிட அல்பத்தை மகள் விக்காமப் பத்திரமா வச்சிருக்கிறா. நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்ததால டிசம்பர் கூட்டம் நடக்கேல்ல, மூதூர்ப் பக்கத்து அங்கத்தவர் ஒராளிட வீட்டுக்குள்ள தண்ணி ஏறி 2 அல்பம் நனைஞ்சு போச்சு. காசெல்லாத்தையும் கழட்டிப் பழைய வேட்டியில பரவி நிழல்ல காய வச்சவர், தேய்க்க மட்டும் வேண்டாம் அண்ணை எண்டு ஃபோனில சொன்னனான், அவரும் தேய்க்கேல்ல.

தேய்க்கிற விசயத்தில ஒண்டு சொல்லத்தான் வேணும். கண்காட்சிக்கு ஒரு தகப்பன் 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி 5 ரூபாக் காசு கொண்டு வந்தார், வெள்ளிக் காசு, 68 வருசம் ஒரு குடும்பத்துக்குள்ளயே இருந்தது. முதல் நாள் ராத்திரி புளி போட்டுத் தேய்ச்சு பளபளக்கக் கொண்டு வந்து வச்சவர். லென்ஸ வச்சுப் பாத்தா முழுக்க மயிர் மாதிரிக் கீறல். அந்த மனுசனுக்கு ஒண்டும் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. பழைய வெள்ளியில படியிற கறுப்பு ஊத்தை இல்லை, அதுதான் அந்தக் காசின்ர வயசு, தயவுசெய்து உங்கட சொந்தக்காரர் ஆக்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கோ.

இனி இந்த வருசத்து முக்கிய வேலை, நினைவு நாணய வடிவங்கள். போன பொதுக்கூட்டத்தில கைதூக்கி எடுத்த முடிவு ஞாபகம் இருக்கும். மத்திய வங்கி இனி நினைவுக் காசு வெளியிடேக்க எங்கட திருகோணமலையும் ஒரு கருப்பொருளா வரவேணும், அதுக்கு நாங்களே வடிவம் கீறி, காசு சேர்க்கிற ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டு எழுதி அனுப்புறது எண்டுதான் முடிவெடுத்தம். 1957இல தொடங்கின பிறகு எத்தினை வந்திட்டு பாருங்கோ, 1968இல உணவு விவசாய அமைப்புக்கு 2 ரூபா, 1976இல அணிசேரா மாநாடு, 1981இல மகாவலிக்கு 2 ரூபாவும் சர்வசன வாக்குரிமை 50 வருசத்துக்கு 5 ரூபாவும், 1998இல சுதந்திரப் பொன்விழாவுக்கு நடுவில ஒரு நிறம் சுத்திவர இன்னொரு நிறமா 10 ரூபா, 1999இல கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு, 2015இல பாப்பரசர் வந்ததுக்கு 500 ரூபா. மாவட்டத்துக்கு ஒண்டா 25 பத்து ரூபா வந்ததில எங்கட மாவட்டத்துக்கும் ஒண்டு இருக்குத்தானே, பிறகேன் இன்னொண்டு எண்டு ஒருத்தர் கேட்டவர். அது 25 பேருக்குப் பந்தி வச்சதில எங்கட இலைக்கும் வந்த சோறு, நான் கேக்கிறது எங்கட ஊருக்கெண்டே ஒரு காசு. போன ஓகஸ்டில மத்திய வங்கியின்ர 75 வருசத்துக்கு 2000 ரூபா நினைவுத் தாள் வந்த பிறகு குரூப்பில எல்லாருக்கும் ஆசை வந்திட்டு, அதுக்கு முன்னம் 7 மாசமா நான் தனியத்தான் கத்திக்கொண்டிருந்தன்.

நாலு வடிவம் கிடைச்சது. எல்லாம் ஏ4 தாளில, பெருசா, கலர் அடிச்சு, நல்ல வடிவா இருந்தது. குரூப்பில போட்ட உடன சூப்பர் சூப்பர் எண்டு கை தட்டினவை கனபேர். ஆனா காசு எண்டது ஏ4 தாள் இல்லை, ஃபோன் ஸ்கிரீனும் இல்லை. அதுக்காகத்தான் நான் ஒரு வேலை செய்தன், இதைக் கொஞ்சம் விபரமாச் சொல்ல விடுங்கோ. பழைய 2 ரூபாக் குத்தி, அதாவது உலோகக் காசு, 28.5 மில்லிமீற்றர் அகலம், அந்த அளவுக்கே நாலு வடிவத்தையும் கறுப்பு வெள்ளையில சின்னனாக்கி போட்டோக்கொப்பி அடிச்சு, வட்டமா வெட்டி, பழைய 2 ரூபாக் குத்தியளில பசை போட்டு ஒட்டினன், ஒவ்வொரு வடிவத்துக்கும் 6 குத்தி, மொத்தம் 24. கலர் ஏன் எடுத்தனான் எண்டு கேட்டவைக்கு, காசில கலர் இல்லை, மேடும் பள்ளமும்தான் இருக்கு, வெளிச்சம் சரிஞ்சு விழேக்க மேட்டுக்குப் பக்கத்தில விழுற நிழல்தான் எங்களுக்கு உருவமாத் தெரியுது. கையில வச்சு ஒரு முழம் தள்ளிப் பாருங்கோ, என்ன தெரியுது எண்டு எழுதுங்கோ, இவ்வளவுதான் நான் கேட்ட கேள்வி.

முதலாவது வடிவம் கோணேசர் மலை. பாறை, மேல கோயில், கீழ கடல், கடல்ல கப்பல், ஒரு பக்கம் பிரெட்றிக் கோட்டை வாசல், வாசல்ல மான். கீறின தம்பி நல்ல கைகாரன், அதில சந்தேகமில்லை, ஆனா 28 மில்லிமீற்றருக்குள்ள மான் எறும்பாப் போச்சு, கப்பலைக் கீறல் எண்டு நினைச்சவை 3 பேர். கோயில் வரலாமோ எண்டும் கதை வந்தது. புத்த ஜயந்திக்கும் பாப்பரசருக்கும் காசு வந்த நாட்டில கோணேசருக்கு ஏன் வரக்கூடாது எண்டு ஒரு பக்கம், எல்லாரிட கையிலயும் போற காசு எல்லாருக்கும் சொந்தமா இருக்கோணும் எண்டு இன்னொரு பக்கம், ரெண்டு பக்கமும் மரியாதையாத்தான் கதைச்சவை. கிண்ணியாவில இருந்து வாற நானா அப்ப சொன்னதை நான் கூட்டக் குறிப்பில அப்பிடியே எழுதி வச்சிருக்கிறன். "கடலுக்குப் போற நாங்க திரும்பி வரக்குள்ள கரையில முதல்ல தேடுறது அந்த மலையத்தான், எந்தச் சமயத்து ஆளா இருந்தாலும் அதுதான் குறி" எண்டார். பாறையை மட்டும் வச்சு மிச்சத்தைக் குறைச்சா இந்த வடிவம் நிண்டு பிடிக்கும் எண்டுதான் கூடுதலானவையின்ர கருத்து, என்ர கருத்தும் அதுதான்.

ரெண்டாவது நீலத் திமிங்கிலத்தின்ர வால். ஒரு கோடு கடல், மேல ஒரு வால், வேற ஒண்டும் இல்லை. பாத்த உடன எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா இது ஹோட்டல் விளம்பரம் மாதிரிக் கிடக்கு, இதில எங்கட சனத்தின்ர கதை எங்க எண்டு பெரியாக்கள் கேட்டவை. பிள்ளையளுக்கு இதுதான் பிடிச்சது.

மூண்டாவது என்ர யோசினை, மறைக்க ஒண்டும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு கடைசியில ஒல்லாந்தரின்ர கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில செம்பில ஸ்டைவர் காசு அடிச்சது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை எண்டு அடிச்ச இடத்துக்கு ஒவ்வொரு எழுத்து, எங்கட ஊருக்கு ஆங்கில ரீ (T) எழுத்து. இண்டைக்கு இலங்கைக்குச் சொந்த நாணயச்சாலை கிடையாது, குத்தி எல்லாம் வெளிநாட்டில அடிச்சுத்தான் வருது, ஆனா ஒரு காலத்தில இந்த ஊரின்ர பேருக்கே காசு அடிச்சிருக்கு. பாலையூற்று அங்கத்தவர் ஒராள் அவரிட அப்பப்பா விட்டுப்போன ரின் பேணிக்குள்ள இருந்து ஒண்டு கொண்டு வந்தவர், தடிச்ச செம்பு, ஓரம் நெளிஞ்சு, கம்பனி முத்திரைக்கு மேல அந்த ரீ கொஞ்சம் சரிஞ்சு விழுந்திருக்கு, விரலால தடவினா எழுத்து தட்டுப்படும். அதைக் கையில வச்ச அண்டைக்குத்தான் எனக்கு இந்த யோசினை வந்தது, புதுக் காசுக்கு நடுவில அந்தப் பழைய காசு. சேர்க்கிற ஆக்கள் விரும்பினவை. ஆனா சந்தையில மீன் விக்கிற அக்காவிட்டக் குடுத்து என்ன தெரியுது எண்டு கேட்டா, "தம்பி இது என்ன பூட்டோ" எண்டா. எங்களைப் பிடிச்சு ஆண்டவன்ர முத்திரையை நாங்களே திரும்பப் போடுறதோ எண்டு ஆசிரியர் ஐயா கேட்டதிலயும் ஞாயம் இருக்கு. நான் நிண்டு வாதாடிப் பாத்தன், தோத்திட்டன், கடிதத்தில இதை நாலாவதாத்தான் போட்டிருக்கிறன்.

நாலாவதுதான் எல்லாரையும் மடக்கினது. ஒரு அங்கத்தவரின்ர மகள், பத்தாம் வகுப்புப் பிள்ளை, கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் ஏழு சின்ன வட்டமாச் சுத்திவர வச்சு நடுவை வெறுமையா விட்டிருந்தது. இவ்வளவுதானோ எண்டுதான் எனக்கும் முதல்ல பட்டது. கூட்டத்தில பிள்ளை எழும்பி, மாமா மத்திய வங்கியின்ர 70 வருசத்துக்கு வந்த 20 ரூபாக் குத்திக்கு ஏழு பக்கம் இருக்கு, ஏழு கிணறு ஏழு மூலைக்கும் சரியா வரும் எண்டிச்சு. என்ர சட்டைப் பையில ஒரு 20 ரூபா இருந்தது, எடுத்து மேசையில வச்சுப் பாத்தம், ஏழு மூலை, மூலைக்கு ஒரு கிணறு. ஒருத்தரும் கதைக்கேல்ல கொஞ்ச நேரம். இராவணன் வாளால குத்தி ஊத்தெடுத்தது எண்ட கதையைப் பக்கத்துத் தாளில எழுதிக் குடுத்தாக் காணும், காசில வாளும் வேண்டாம் இராவணனும் வேண்டாம். மீன் விக்கிற அக்காவே இதைப் பாத்திட்டு "கிணறோ" எண்டு கேட்டா, நான் சொல்லிக் குடுக்கேல்ல. வந்த கருத்துத் தாளில பாதிக்கு மேல இதுக்குத்தான்.

நாலு வடிவத்திலயும் பொதுவா ஒரு பிழை இருந்தது, இதுக்குத்தான் நான் கூடக் கவலைப்படுறன். தமிழ் எழுத்து. மூண்டு மொழியும் ஒரே அளவில போட்டிருக்கெண்டு பாத்தாத் தெரியும், ஆனா திருகோணமலை எண்டதில வாற மூண்டு சுழி ண இருக்குத்தானே, 2 மில்லிமீற்றர் உயரத்துக்குக் கொண்டு வந்தா மூண்டு சுழியும் அடைபட்டு ஒரு கறுப்புப் பொட்டாப் போகுது, லைக்கு முன்னால வாற சுழியும் அப்பிடித்தான். கடதாசியிலயே இப்பிடி எண்டா உலோகத்தில அடிச்சு நாலு வருசம் பஸ்ஸில கைமாறித் தேய்ஞ்ச பிறகு என்ன மிஞ்சும். அதால எழுத்து மெல்லிசா, சுழி விரிஞ்சு, கொஞ்சம் பெருசா, காசுக்கெண்டே கீறின எழுத்தா இருக்கோணும், கொம்பியூட்டர் எழுத்தை எடுத்து ஒட்டக்கூடாது எண்டு கடிதத்தில ஒரு பந்தி முழுக்க எழுதியிருக்கிறன். யாழ்ப்பாண அரசர் அடிச்ச காசில நந்திக்குக் கீழ சேது எண்டு ரெண்டே எழுத்து, அந்தக் காலத்துக் கையால வெட்டின அச்சு, இண்டைக்கும் வாசிக்கலாம். திருகோணமலையோ திருக்கோணமலையோ எண்டு குரூப்பில 3 நாள் நடந்த சண்டையைப் பற்றி நான் இதில எழுத வரேல்ல, அரசாங்கம் பாவிக்கிறபடி முதலாவதைத்தான் போட்டிருக்கு.

சரி, இப்ப ஏன் பிந்தினது எண்டு சொல்லுறன். இடாப்பில 43 பேர் இருக்கிறம். 24 குத்தியையும் கவர்ல போட்டு உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா எண்டு நானே பைக்கில கொண்டு திரிஞ்சனான், பெற்றோல் சங்கக் கணக்கில எழுதேல்ல. கருத்துத் தாள் திரும்பி வந்தது 17. குத்தி திரும்பி வந்தது 20, மிச்சம் 4 எங்க எண்டு தெரியாது. குரூப்பில இரவு 11 மணிக்கு ஏலம் போட, விலை கேக்க, படம் போட 40 பேரும் இருக்கினம், ஆனா ஒரு தாளில 4 வரி எழுதச் சொன்னா ஆளில்லை. 2 பேர் அக்டோபர் கூட்டத்தில இருந்த இடத்திலயே எழுதித் தாறம் எண்டினம், அந்தக் கூட்டத்துக்கே வரேல்ல. ஒருத்தரையும் பேர் சொல்லி நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. வேலை, பிள்ளையளின்ர ரியூசன், வீட்டு வருத்தம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. ஆனா 43 பேர் உள்ள சங்கத்தின்ர கருத்து எண்டு 17 பேரின்ர கருத்தை எழுதி அனுப்ப எனக்குக் கை வரேல்ல, 25 தாளாவது சேரட்டும் எண்டு காத்துக் காத்து அறிக்கையும் பிந்தி, கடிதமும் இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு.

கணக்கு விபரம் பொருளாளர் அக்கா கூட்டத்தில வாசிப்பா. சுருக்கமாச் சொன்னா வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, கையில கொஞ்சம் மிச்சம் இருக்கு, கண்காட்சிக்கு வாங்கின கண்ணாடிப் பெட்டிக்குக் குடுக்க இன்னும் கொஞ்சம் பாக்கி. சந்தா வருசத்துக்கு 600 ரூபா, மாசத்துக்கு 50தான், 43 பேரில 19 பேர்தான் கட்டியிருக்கினம். 2023இல இருந்து கட்டாத ஆக்களும் இருக்கினம், அவையளின்ர பேரை இடாப்பில இருந்து வெட்டுறதோ இல்லையோ எண்டு கூட்டம்தான் முடிவெடுக்கோணும், வெட்டக்கூடாது எண்டதுதான் என்ர விருப்பம்.

நன்றி சொல்ல வேண்டிய ஆக்கள்: ரியூசன் வகுப்பு முடிஞ்ச பிறகு மண்டபத்தைக் காசு வாங்காமத் தாற ஆசிரியர் ஐயா, போட்டோக்கொப்பிக் கடைத் தம்பி, கண்காட்சிக்கு மேசை தந்தவை, வடிவம் கீறின நாலு பேர், பேர் விடுபட்டிருந்தா மன்னிக்கவும்.

வாற வருசத்தைப் பற்றி. நான் இந்தப் பதவியில 6 வருசம், ஆருக்கும் தர ஆயத்தமா இருக்கிறன், இளம் ஆக்கள் வந்தாச் சந்தோசம். ஆனா இந்தக் கடிதம் போய்ச் சேருற வரைக்கும் விட்டிட்டுப் போக மனம் இல்லை எண்டதையும் சொல்லி வைக்கிறன். தேவையானது இன்னும் 8 தாள். காசில்லை, அலைச்சலில்லை, குத்தியை நானே கொண்டு வந்து தாறன், வெளிச்சத்தில வச்சுப் பாத்து மனசில பட்டதை எழுதினாக் காணும், என்ர வடிவம் கூடாது எண்டு எழுதினாலும் அப்பிடியே சேர்ப்பன். பொதுக்கூட்டம் வாற ஞாயிறு காலமை 9:30, வழமையான மண்டபம். 4 குத்தியும் ஆரிட்ட இருக்கோ தயவுசெய்து அண்டைக்குக் கொண்டு வாங்கோ, கன்னியாக் குத்தியில 2 குறையுது.

இப்படிக்கு,
செயலாளர்