ரோமன் ஃபோரத்துக்குள் அழைத்துச் செல்லாதது குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ஐரோப்பியச் சுற்றுலாப் பிரிவு.

பொருள்: பயணத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தபடி ரோமன் ஃபோரத்தைக் காட்டாதது, அதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

கடந்த நவம்பரில் உங்கள் நிறுவனத்தின் 10 நாள் ஐரோப்பியப் பயணத்தில் நானும் என் அக்காவும் வந்திருந்தோம். தலைக்கு 2,30,000 ரூபாய் கட்டினோம். ஆறாம் நாள் ரோம். நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாளில் அன்றைக்கு இருந்த வரி இது: “கொலோசியம், ரோமன் ஃபோரம் – வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்த்தல், 3 மணி நேரம்.” பழைய ரோம் நகரின் மையச் சதுக்கமான அந்த ஃபோரத்துக்குள் நாங்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அன்று பகல் 12.15-க்குக் கொலோசியத்தை விட்டு வெளியே வந்தோம். பேரரசர் டைட்டஸின் வெற்றி வளைவு கண்ணெதிரே தெரிந்தது. அதை ஒட்டியே ஃபோரத்தின் ஒரு நுழைவாயில் இருக்கிறது. கொலோசியத்துக்கு வாங்கிய டிக்கெட்டே ஃபோரத்துக்கும் அதை ஒட்டிய பாலத்தீன் குன்றுக்கும் செல்லும் என்பதால் தனியாக ஒரு யூரோகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. டிக்கெட் எங்கள் கையிலேயே இருந்தது. “இப்போதே போய்விடலாமே” என்று கேட்டேன். “சாப்பிட்டுட்டு வந்துடலாம் மேடம்” என்றார் உங்கள் டூர் மேனேஜர். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதன்பின் திட்டத்தில் எங்குமே இல்லாத ஒரு தோல்பொருள் கடைக்குப் பேருந்து போனது. அங்கே 1 மணி 20 நிமிடம். குளிர்காலத்தில் ஃபோரத்தை மாலை 4.30-க்கு மூடுகிறார்கள், 3.30-க்குப் பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை. கடைக்குள் இதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். பேருந்து கிளம்பியபோது மணி 3.35.

கடைசியில் காப்பிட்டோலின் குன்றின் மேல், நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள கைப்பிடிச் சுவரோரம் எங்களை நிறுத்தினார். 15 நிமிடம். கீழே பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வளைவும் சனி தேவனின் கோயிலில் மிஞ்சிய எட்டுத் தூண்களும் தெரிந்தன. டைட்டஸ் வளைவு எங்கோ தொலைவில் புள்ளியாகத் தெரிந்தது. “இங்கேதான் சீசரைக் குத்திக் கொன்னாங்க” என்று கீழே கையைக் காட்டினார். கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் கொல்லப்பட்டது ரோமானியத் தளபதி பாம்பே கட்டிய நாடக அரங்கை ஒட்டிய மண்டபத்தில். அந்த இடம் வேறு, அதன் சிதைவுகள் இன்றைக்கு நகருக்குள் இன்னொரு சதுக்கத்தில் இருக்கின்றன. ஃபோரத்தில் நடந்தது அவர் உடலை எரித்தது. எரித்த இடத்தில் எழுப்பிய கோயிலின் மேடையில் இப்போதும் மக்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். இதைச் சொன்னதற்கு அவர் தந்த பதில்: “எல்லாம் பழைய கல்லுதானே மேடம், மேலேயிருந்து எடுத்தா ஃபோட்டோ இன்னும் நல்லா வரும்.”

31 ஆண்டுகள் வகுப்பில் ரோமாபுரியைப் பாடமாக நடத்தியவள் நான். செவரஸின் மகன்களில் அண்ணன் கராகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றுவிட்டு, அந்த செவரஸ் வளைவிலிருந்தே தம்பியின் பெயரைச் செதுக்கி எடுக்கச் செய்தான். வெண்கல எழுத்துகளைப் பதித்திருந்த பழைய துளைகளை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பேரரசர் அன்டோனினஸுக்கும் அவர் மனைவி ஃபௌஸ்தினாவுக்கும் எழுப்பிய கோயிலில் ஒரு கதவு தரையிலிருந்து பல அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. பின்னாளில் தேவாலயமாக மாறிய அந்தக் கோயிலுக்கு அந்தக் கதவை வைத்த காலத்தில் மண் அவ்வளவு உயரத்துக்கு மேடிட்டிருந்தது, ஃபோரம் மாடு மேயும் வெளியாகக் கிடந்தது. இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் போக நினைத்தது மிளகுக் கிடங்கு இருந்த இடத்துக்கு. பேரரசர் டொமிஷியன் காலத்தில், ஃபோரத்தின் ஊடே செல்லும் புனித வீதியின் ஓரமாக மிளகுக்கும் வாசனைப் பொருள்களுக்கும் என்றே கிடங்குகள் கட்டினார்கள். பிற்காலத்தில் அதன் மேல்தான் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெரும் பொது மண்டபம் எழுந்தது. அங்கே குவிந்த மிளகு சேரநாட்டுக் கரையிலிருந்து கப்பல் ஏறியது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனரைப் பற்றிச் சங்கப் புலவர் பாடியது இந்த வணிகத்தைத்தான். எங்கள் ஊரை ஒட்டிய வெள்ளலூரில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பதித்த வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. காசு வந்து சேர்ந்த ஊரில் பிறந்தவள், மிளகு போய்ச் சேர்ந்த தெருவில் ஒரு முறை நடக்க ஆசைப்பட்டேன். அக்காவுக்கு வயது 68. அந்த வீதியில் பாவியிருக்கும் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்று நான் சொன்னதால், மூன்று மாதம் தினமும் காலையில் நடந்து காலைப் பழக்கினாள். மறுநாள் காலை பேருந்து ஃபுளோரன்ஸுக்குக் கிளம்பிவிட்டது.

ஊர் திரும்பியதும் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “நிலவரத்தைப் பொறுத்துத் திட்டம் மாறலாம்” என்ற விதியைக் காட்டிப் பதில் போட்டீர்கள். அன்று மழை இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, போக்குவரத்து நெரிசலும் இல்லை. மாற்றத்துக்குக் காரணம் அந்தக் கடை ஒன்றுதான். திட்டத்தில் இல்லாத கடைக்காகத் திட்டத்தில் உள்ள இடத்தை விட்டதற்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்?

நான் கேட்பது இவை. ஒரு நாள் கட்டணம் 23,000 ரூபாய். அதில் பாதி, இருவருக்குமாகச் சேர்த்து 23,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். எங்களோடு வந்த மற்றவர்களுக்கும் இதே கணக்கில் தர வேண்டும், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃபோரத்தை மேலிருந்துதான் காட்டப் போகிறீர்கள் என்றால் தாளில் அப்படியே எழுதுங்கள். ரோமில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். சீசர் அங்கேதான் கொல்லப்பட்டார் என்று எழுதிக்கொண்ட அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு இரண்டு வரித் திருத்தமாவது அனுப்புங்கள். திருத்தத்தை நானே எழுதித் தருகிறேன்.

பயணத் திட்டத் தாள், டிக்கெட்டுகள், கடை வாசலிலும் குன்றின் மேலும் நேரத்தோடு பதிவான படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் ரோம் பயணக் குழுவில் வந்த பயணி
(அக்காவின் சார்பிலும்)