கைநாட்டுக்காரர்களுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி

பட்டுப்பாதைக் கண்காட்சிகளை அமைக்கும் அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். இன்றைய வடமேற்குச் சீனாவில், பட்டுப்பாதையின் பழைய ஊரான துர்பான் அருகே அஸ்தானா கல்லறைகளில் கிடைத்த சீன ஏடுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம், எல்லைப்புறத்திலும் சீனக் கல்வி தழைத்தது என்று பெருமை பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான்.

அதற்குச் சாட்சியாகத் தவறாமல் வருபவன் பூ தியன்ஷோ என்ற சிறுவன். குடியேறிய சீனர்களோடு அவர்களின் எழுத்து முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. 640இல் சீனாவை ஆண்ட தாங் பேரரசின் படை, துர்பான் பகுதியின் கௌசாங் அரசைப் பிடித்த பின் அதுவே பேரரசின் ஆட்சி எழுத்தாயிற்று. 710இல் இந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் கன்பூசியஸின் உரைகளை ஐந்து மீட்டருக்கும் நீண்ட சுருளில் நகலெடுத்தான். கடைசியில் ஒரு குறும்புப் பாட்டு: எழுதி முடித்தாயிற்று ஐயா, நாளை விடுமுறை, பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள்! யாருக்குத்தான் இவனைப் பிடிக்காது?

ஆனால் அந்த ஊரில் எல்லோரும் பூ தியன்ஷோ இல்லை. 762இல் காங் ஷிஃபென் என்ற முப்பது வயதுக் கூலியாள் மாட்டுவண்டியில் மண்கல் (சுடாத செங்கல்) ஏற்றிப் போனான். கடை வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு எட்டு வயதுப் பிள்ளைகள்மீது வண்டி ஏறிவிட்டது. தகப்பன்மார் இருவரும் புகார் கொடுத்தார்கள். மாடு பழக்கமில்லாதது, இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை என்றான் வண்டிக்காரன். வைத்தியம் பார்க்கிறேன், பிள்ளைகள் இறந்தால் சட்டப்படி தண்டியுங்கள் என்றும் ஒப்புக்கொண்டான். காங் என்பது, மத்திய ஆசிய வணிகக் குடியினரான சோக்தியரில் சமர்கண்ட் வழிவந்தவர்களுக்கு வழங்கிய குடும்பப் பெயர். தகப்பன்மாரின் பெயர்களும் சோக்தியப் பெயர்களே. ஆனால் புகார், விசாரணை, உத்தரவு அத்தனையும் சீனத்தில் இருக்கின்றன. வண்டிக்காரனின் வாக்குமூலத்தில் கையெழுத்துக்குப் பதில், காகிதத்தில் விரலை வைத்துக் கணுக்களுக்கு நேரே இழுத்த சிறு கோடுகள். நம் ஊர்க் கைநாட்டுதான், மை தேய்க்காத கைநாட்டு.

சீன எழுத்து பரவியது இப்படித்தான் என்பது என் கட்சி. படித்தவர்கள் விரும்பிக் கற்றது ஒரு பக்கம். கடன், வரி, வழக்கு என்று வந்தால் சீன ஏடு இல்லாமல் நடக்காது என்பதால், படிக்கத் தெரியாதவர்களும் அதற்குள் இழுக்கப்பட்டார்கள்.

எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. தாங் படை வருவதற்கு முந்தைய ஆண்டு, 639இல், கௌசாங் சந்தையில் ஓர் அடிமைப் பெண்ணை 120 பாரசீக வெள்ளிக் காசுக்கு விற்றார்கள். அந்தப் பத்திரம் சோக்திய எழுத்தில் இருக்கிறது, வாங்கியவர் சீனக் குடும்பப் பெயருடைய துறவி என்றாலும்! கொடுக்கல் வாங்கலில் எந்த எழுத்து என்பது அதுவரை முடிந்துபோன விஷயமாகத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த முறை இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். மூலம் கிடைக்காவிட்டால் நிழற்படம் போதும். விரல்கோட்டை எப்படி இழுத்தார்கள் என்று பக்கத்தில் ஒரு படம் வரைந்து வையுங்கள். அந்த வண்டிக்காரனை ‘சாதாரண மக்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் குறிக்க வேண்டாம். அவன் பெயர் ஏட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்