உன் பங்கை நீயே கட்டு

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ஃபோனில் நீ சொன்ன விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. மீட்டிங்குக்கு சேக்ரமெண்டோவுக்கு நீயே விமானம் ஓட்டிக்கொண்டு போகிறாய், கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்கிறாய், செலவு முழுவதையும் கம்பெனி தந்துவிடும் என்றாய். நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் எஃப்.ஏ.ஏ-வின் 61.113-ஆம் விதியைப் படித்தேன். உன்னைப் போன்ற பிரைவேட் பைலட்டுகள் காசு வாங்குவதைப் பற்றிய விதி அது. முப்பது வருஷம் கணக்கு எழுதியவள் நான். யார் கை காசு யாருக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நீ தனியாகப் போனால் பிரச்சினை இல்லை. உன் உத்தியோகம் விமானம் ஓட்டுவதல்ல. மீட்டிங்குக்குப் போய்ச் சேர அது ஒரு வழி, அவ்வளவுதான். அந்தச் செலவைக் கம்பெனி தரலாம். கூட ஆட்கள் ஏறிவிட்டால் கதை வேறு. அவர்களைச் சுமந்து போனதற்கு உனக்குப் பணம் கிடைத்ததாக ஆகிவிடும். பிரைவேட் பைலட் லைசன்ஸில் அதற்கு இடமில்லை.

சரி, அவர்களைக் கூட்டிப் போகவே கூடாதா? போகலாம். ஆனால் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, உன் பங்கில் குறையாமல் நீ கட்டவேண்டும். போய் வர 600 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள். மூன்று பேர் என்றால் 200 டாலர் உன் பணமாக இருக்கவேண்டும். 199 என்றாலும் தப்பு. பிரிக்கக்கூடியதும் எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை, இவ்வளவுதான். நாளைக்கு நீ சொந்தமாக ஒரு செஸ்னா விமானம் வாங்கினாலும் அதன் இன்ஷூரன்ஸையும் வருஷப் பரிசோதனைச் செலவையும் இதில் சேர்க்க முடியாது.

அப்புறம், போகிற காரியம் உனக்கும் இருக்கவேண்டும். போன மாதம் ஒருவர், "என்னை அங்கே இறக்கிவிடு, முழுச் செலவும் என்னுடையது" என்று கேட்டாரே, அது சரிப்படாது. உனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. "லாக் புக்கில் நான் பறந்த மணிக்கணக்கு ஏறுமே அம்மா" என்றாய். காசில்லாமல் கிடைக்கிற அந்த மணிக்கணக்கையே எஃப்.ஏ.ஏ கூலியாக எடுத்துக்கொள்ளும். இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்று ஊரறிய அறிவிப்பதும் வேண்டாம். ஃப்ளைட்நவ் என்ற இணையதளம் அப்படித்தான் பைலட்டுகளையும் பயணிகளையும் சேர்த்துவைத்தது. அது கூடாது என்று எஃப்.ஏ.ஏ சொல்ல, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2015-ல் நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ பக்கமே தீர்ப்புச் சொன்னது.

விதி அநியாயம் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் லைசன்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் போதும். காசு வாங்கி ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசன்ஸுக்குப் பொதுவாக 250 மணி வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிவிட்டால், மேகம் கறுத்து நிற்கும்போது "இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று சொல்ல வாய் வராது கண்ணு. எனக்கு அந்தப் பயம்தான்.

கம்பெனியில் இன்றைக்கே பேசிவிடு. போன தடவை எடுத்த வாடகை ரசீதைத் தேடி வை. சனிக்கிழமை நீ கூப்பிடும்போது இரண்டு பேருமாக உட்கார்ந்து பங்கு பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா